தண்டோரா மேடமும் காட்டுக் கத்திரியும்

ஒரு செடியின் மரபணு ஆராய்ச்சிக்குள் பூசணிக்காயைக் கலந்துவிட்ட நிர்வாக அதிகாரி இந்த நாட்டிலேயே நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். வேறு யாராவது இருந்தால் தெரியப்படுத்தவும். சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பிக்கலாம். இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் மிச்சமில்லை. விஷயம் தெரிந்த அன்று சாயங்காலத்துக்குள்ளேயே ஜூஜுவாடி டீக்கடை வரைக்கும் அதைச் சொல்லி முடித்திருந்தார் தண்டோரா மேடம்.

ரகசியம் என்ற ஒன்றை வைத்துக்கொள்ளும் உறுப்பே இல்லாமல் பிறந்த ஒரு மனுஷியை, கர்நாடக எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சேர்த்து, நான் அவர் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். நிஜப் பெயர் அழகான பெயர். அதை யாரும் சொன்னதில்லை. அவரே போனை எடுத்து, "நான் தண்டோரா பேசறேன்" என்பார்.

ஓசூர் தொழிற்பேட்டையில், ஜூஜுவாடிக்குப் போகிற வழியில், பல்சக்கரம் செய்யும் தொழிற்சாலைக்கும் லாரி நிறுத்தும் இடத்துக்கும் நடுவில் இருந்தது எங்கள் ஆய்வுக்கூடம். விதைக் கம்பெனிகள் தங்கள் செடியின் இலையை அனுப்புவார்கள். ஓர் உயிர் எப்படி வளர வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டும், எதைத் தாங்க வேண்டும் என்பதெல்லாம் அதன் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நான்கே எழுத்துகளில் நீளமாக எழுதப்பட்டிருக்கிறதாம். அந்த எழுத்துகளை எங்கள் இயந்திரம் வரிசையாக வாசித்துக் கணினியில் கொட்டும். அதற்கு ஜீனோம் என்று பெயர். தமிழ் இலக்கியத்தில் முதுகலை படித்துவிட்டு அந்த இயந்திரத்துக்கு ஏசி ஓடுகிறதா, வாசல் செக்யூரிட்டிக்குச் சட்டை தைத்தாயிற்றா என்று பார்ப்பது என் உத்தியோகம். வாசிக்கும் வேலை எனக்குத்தான் கிடைக்கும் என்று வாழ்க்கை முழுவதும் நம்பியிருந்தேன். அதையும் இயந்திரம் எடுத்துக்கொண்டது.

எங்கள் எம்.டி. தண்டோரா மேடத்துக்கு நேர் எதிர். காலை வணக்கத்தைக்கூட காதோரம் வந்துதான் சொல்வார். கேன்டீனில் என்ன குழம்பு என்பது போட்டிக் கம்பெனிக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதுபோல மூடியைத் திறந்து பார்த்துவிட்டு உடனே மூடிவிடுவார். அப்படிப்பட்டவர் எப்படி இந்த மேடத்தை வேலைக்கு வைத்தார் என்றால், இலையிலிருந்து சுத்தமாக மரபணுவைப் பிரித்தெடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மனிதர்களிடமிருந்து விஷயத்தைப் பிரித்தெடுப்பதிலும் கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒருமுறை எம்.டி. திடீர்ச் சோதனை செய்யப்போவதாக என்னிடமும் மேடத்திடமும் மட்டும் சொன்னார். மறுநாள் அவர் வந்தபோது எல்லோரும் இஸ்திரி போட்ட கோட்டில் நின்றிருந்தார்கள். செக்யூரிட்டி முனியப்பா ஒருபடி மேலே போய், "வாங்க சார், எட்டு மணிக்கே வருவீங்கன்னு மேடம் சொன்னாங்க, லேட்டு பண்ணிட்டீங்களே" என்றார். கிருஷ்ணகிரி பஸ்ஸில் மேடம் ஏறினால் சூளகிரி தாண்டுவதற்குள் அவருக்குப் பித்தப்பையில் கல் இருப்பது கண்டக்டருக்குத் தெரிந்திருக்கும். கண்டக்டருக்கு எங்கே கல் என்பது மேடத்துக்கும் தெரிந்திருக்கும்.

நான் ஒருநாள் மெதுவாகக் கண்டித்தேன். எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். மேடம் கோபப்படவில்லை.

"தெரிஞ்சத உள்ளயே வெச்சிக்கினு என்ன சார் பண்றது? ஊறுகாயா போடறது?"



அந்தச் செடி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் காம்பவுண்டு ஓரமாக, லாரிகள் நிற்கும் பக்கத்தில் ஒரு முள்ளுப் புதர் இருந்தது. இலை மேலே முள், கீழே முள், தண்டில் முள். காய் மட்டும் கோலிக்குண்டு அளவில், பச்சையில் வெள்ளை வரியோடு, பார்க்க அடக்கமாக இருக்கும். டீசல் புகை, எண்ணெய், லாரிக்காரர்களின் அவசரம் எல்லாம் அதன் மேல்தான். வெளிநாட்டு விருந்தினர் வந்த அன்று என் பேன்ட்டை அது முழங்காலுக்கு மேலே கிழித்ததால், நான் விருந்து முழுவதும் ஒரு ஃபைலை அந்த இடத்தில் பிடித்தபடி வரவேற்புரை ஆற்ற வேண்டியதாயிற்று. மறுநாளே முனியப்பாவிடம் அதை வெட்டச் சொன்னேன்.

முனியப்பா கொடுவாளோடு போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். வீட்டில் தெலுங்கு, வாசலில் கன்னடம், என்னிடம் தமிழ் பேசுகிறவர். பதற்றத்தில் மூன்றும் சேர்ந்து வரும். "பேடா சார், மேடம் குறுக்க நிக்கறாங்க. ஒத்தண்டாரு சார்" என்றார். வேண்டாம், வேண்டாம் என்று இரண்டு மொழியில் சொல்கிறார் என்று புரிந்தது.

போய்ப் பார்த்தேன். மேடம் புதருக்கு முன்னால் கைகளை விரித்து நின்றிருந்தார்.

"இது யாருன்னு தெரியுமா சார் உங்களுக்கு? நம்ம கத்திரிக்காய்க்கு பெரியப்பா முறை."

காட்டுக் கத்திரியாம். நாம் குழம்பில் போடுகிற கத்திரிக்காயெல்லாம் ஒருகாலத்தில் இந்த வம்சத்திலிருந்துதான் வீட்டுக்கு வந்ததாம். வந்த இடத்தில் நல்ல தண்ணீர், நல்ல உரம், செல்லம். முள்ளெல்லாம் கொட்டிவிட்டது, கூடவே நோயைத் தாங்கும் குணமும் போய்விட்டது. காட்டிலேயே நின்றுவிட்ட பெரியப்பாவிடம் அந்தக் குணம் இன்னும் இருக்கலாம் என்றார்.

பேசிக்கொண்டே வந்தவருக்கு அண்ணன் கதை வந்தபோது குரல் கொஞ்சம் இறங்கியது. மத்தூர்ப் பக்கம் அவர் அண்ணனுக்குக் கொஞ்சம் நிலம். அதில் விளைந்த கத்திரிக்காய்தான் மேடத்தைப் படிக்க வைத்தது. சில வருஷமாக வாடல் நோய். காலையில் நிமிர்ந்து நின்ற செடி சாயங்காலம் தலையைத் தொங்கப் போட்டுவிடும். பிடுங்கி எறிவதைத் தவிர வேறு வழியில்லை. மூன்றாவது தடவையும் தோட்டம் காய்ந்தபின் அண்ணன் கத்திரி வைப்பதையே விட்டுவிட்டார்.

"இந்தச் செடிக்கு அந்த நோவு வர்றதே இல்ல சார். ஏன்னு இதுக்குள்ள எழுதி வெச்சிருக்கு. படிச்சி, எல்லாருக்கும் தெரியற மாதிரி வெளிய போட்டுட்டா, எந்த ஊர்லயாவது எவனாவது நல்ல விதை பண்ணுவான் இல்ல?"

எம்.டி.யிடம் அனுமதி கேட்டோம். எங்கள் இயந்திரம் ஒரு தடவை ஓடினால் பல கம்பெனிகளின் இலைச்சாற்றை ஒன்றாக ஏற்றிக்கொண்டு ஓடும். பஸ் மாதிரி. சில சமயம் சீட் காலியாகப் போகும். அந்தக் காலி சீட்டில் மேடத்தின் செடியை உட்கார வைக்கலாம் என்று எம்.டி. காதோரம் சொன்னார். வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம் என்றும் சொன்னார். அதை மேடத்திடம் சொன்னார் என்பதுதான் வேடிக்கை.

அந்தச் சமயத்தில்தான் ஆயுத பூஜை வந்தது.

தொழிற்பேட்டையில் ஆயுத பூஜை என்றால் சாதாரணம் இல்லை. பக்கத்துப் பல்சக்கரத் தொழிற்சாலையில் வாசலுக்கு இரண்டு வாழை மரம், மேளம், மூட்டை மூட்டையாகப் பொரி. வருஷாவருஷம் எங்கள் ஆய்வுக்கூடத்தில் மட்டும் ஒரு ஊதுவத்தி. அந்த வருஷம் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சந்தையிலேயே பெரிய பூசணிக்காயைத் தேடிப்பிடித்து வாங்கினேன். ஆய்வுக்கூடத்துச் சாமான்களையெல்லாம் கட்டிடத்துக்குள் இருந்த நடைபாதையில் மேஜை போட்டு வரிசையாக அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்தேன். இலை அரைக்கும் வெள்ளைப் பீங்கான் கல்வங்களும் அந்த வரிசையில் இருந்தன. மேடம் வந்து பார்த்து ஆட்சேபிப்பார் என்று நினைத்தேன். அவர், வாசிக்கும் இயந்திரத்துக்கு மட்டும் பொட்டை இன்னும் பெரிதாக வைக்கச் சொன்னார். "அதுதான் சார் அடிக்கடி மக்கர் பண்ணுது" என்று சொல்லிவிட்டு மத்தூருக்குப் பஸ் ஏறிவிட்டார்.

பூசணிக்காயைத் தெருவில்தான் உடைக்க வேண்டும். வெளியே மழை ஊற்றியது. பக்கத்துத் தொழிற்சாலையில் மேளம் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. இதற்கு மேல் தாமதித்தால் நம் மானம் போய்விடும் என்று நடைபாதையிலேயே உடைப்பது என முடிவு செய்தேன். அதுவரை நான் பூசணிக்காய் உடைத்ததில்லை. மூன்று சுற்று சுற்றி, கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடித்தேன். கண்ணைத் திறந்தபோது முனியப்பாவின் தொப்பியில், எம்.டி.யின் அறைக் கதவில், வரிசையாக இருந்த கல்வங்களில் எல்லாம் பூசணி. கூட்டம் கை தட்டியது. ஒரே ஈரத்துணியால் முனியப்பா எல்லாவற்றையும் துடைத்தார். நான் கல்வங்களைப் பளபளவென்று எடுத்துப் போய், 'சுத்தம் செய்தவை' என்று மேடம் எழுதி ஒட்டியிருந்த தட்டில் மறக்காமல் அடுக்கினேன். அந்த "மறக்காமல்" என்ற இடத்தில்தான் என் வாழ்க்கையே இருக்கிறது. விடுமுறை முடிந்து வந்த மேடம் தன் கையாலேயே எழுதிய சீட்டை நம்பி, அதே கல்வத்தில் காட்டுக் கத்திரி இலையை அரைத்தார்.

வாசித்து முடித்த எழுத்துகள் எந்தெந்த உயிரோடு ஒத்துப்போகின்றன என்று கணினி ஒப்பிட்டுப் பார்க்கும். சில வாரம் கழித்து ஒரு மதியம், கேன்டீனில் எல்லோரும் வாயில் சோற்றோடு இருந்தபோது மேடம் நடுவில் வந்து நின்று அறிவித்தார்.

"நம்ம கத்திரிச் செடியில பூசணிக்காய் வந்திருக்கு."

முதலில் யாருக்கும் புரியவில்லை. முனியப்பாவுக்குத்தான் முதலில் புரிந்தது. அவர் என்னைப் பார்த்தார். அதன்பின் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மேடம் விவரமாகச் சொன்னார். பெரும்பகுதி கத்திரிதான். ஒரு ஓரமாகப் பூசணி. அதற்கும் ஓரமாகத் துளி மனிதன். அந்த மனிதன் முனியப்பாவா நானா என்று தோண்டிப் பார்க்க வேண்டாமென்று தனியே கேட்டுக்கொண்டேன்.

மேடம் என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "சலிச்சி எடுத்துடலாம் சார், சாப்பிடுங்க" என்றார். அன்றைக்கு என்று கேன்டீனில் பூசணிக்காய்க் கூட்டு.

இதற்கிடையே எம்.டி.க்கு அந்தச் செடியின் மேல் அக்கறை வந்துவிட்டது. வாடல் நோயைத் தாங்குகிற காட்டுக் கத்திரியின் எழுத்து தங்களிடம் மட்டும் இருந்தால் நல்லது என்று பெங்களூர்ப் பக்கத்து விதைக் கம்பெனி ஒன்று கேட்டிருந்தது. பேசி முடிக்க இரண்டு பேர் வருவதாக இருந்தது. எம்.டி. என்னை அழைத்து, அவர்கள் போகும்வரை மேடத்தைக் கட்டிடத்துக்கு வெளியே வைத்திருக்கச் சொன்னார். எப்படி என்று கேட்டேன். அது நிர்வாகம், உங்கள் துறை என்றார்.

டீ சாப்பிடலாம் என்று ஜூஜுவாடிக்கு அழைத்துப் போனேன். அத்திப்பள்ளிப் பக்கம் லாரிகள் நகராமல் நின்றிருந்தன. இரண்டாவது டீயும் சொன்னபோது மேடம் கண்ணாடி வழியாக என்னை உற்றுப் பார்த்து, என்ன விஷயம் என்றார். பொய் சொல்லுவதற்கு வாயைத் திறந்தேன். உண்மை வந்துவிட்டது. கூடவே வேலை பார்த்ததில் அந்த வியாதி எனக்கும் தொற்றியிருந்தது.

மேடம் கிளாஸைக் கீழே வைத்தார். அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஒரு லாரி கிளம்பி, இன்னொரு லாரி வந்து அதே இடத்தில் நிற்கும்வரை பேசவில்லை.

"அவங்க வாங்கி பூட்டி வெச்சிட்டா, எங்கண்ணனுக்கு அவங்க செஞ்சாதான் சார் விதை. செய்யலன்னா செடி வேலியில நிக்கும், விஷயம் பீரோவுல கெடக்கும். நாம படிச்சதே வீணு."

வடை வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

அப்போது என் போன் அடித்தது. எம்.டி. வழக்கத்தைவிடத் தணிந்த குரலில் பேசினார். வந்தவர்கள் ஏதோ கேட்கிறார்களாம். அங்கே ஒருவருக்கும் பதில் தெரியவில்லையாம். மேடத்தை உடனே கூட்டி வரச் சொன்னார்.

கூட்டத்தில் முந்திரிப் பருப்பு வைத்திருந்தார்கள். வந்திருந்த இருவரில் பெரியவர், எழுத்துகள் சுத்தமானவைதானா, வேறு எதுவும் கலக்கவில்லையே என்று கேட்டார். நூற்றுக்கு நூறு என்றார் எம்.டி. சொல்லிவிட்டு மேடத்தை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் பதவி உயர்வு, மிரட்டல், கெஞ்சல் எல்லாம் இருந்தது. மேடம் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"சார், பூசணிக்காய சொல்லலாமா?"

சொன்னார். ஆயுத பூஜை, மழை, மேளம், என் மூன்று சுற்று, முனியப்பாவின் தொப்பி, எதையும் விடவில்லை. பெரும்பகுதியைச் சலித்துவிடலாம், ஆனால் துளிகூட இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது, புதிதாக வாசிப்பதுதான் முறை என்றார். வந்திருந்த பெரியவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். இளையவர் எனக்குக் கை கொடுத்தார். நடைபாதையில் பூசணிக்காய் உடைக்கிற இடத்தில் பெரிய வேலையைக் கொடுக்க யோசனையாக இருக்கிறது என்று நாகரிகமாகச் சொல்லிவிட்டு, முந்திரியைத் தீர்த்துவிட்டுப் போனார்கள்.

எம்.டி. கோபத்தையும் காதோரம்தான் காட்டினார். அது இன்னும் பயமாக இருந்தது. அந்தச் செடியைப் பற்றி இனிமேல் யாரும் தன்னிடம் பேசக் கூடாது என்றார். மேடம் நகரவில்லை.

"அப்ப அந்த டேட்டா உங்களுக்கு வேணாமா சார்?"

"வேணாம். எங்கயாவது கொண்டு போய் கொட்டுங்க."

"எங்க வேணாலுமா சார்?"

"எங்க வேணாலும்."

மேடம் நன்றி சொல்லிவிட்டு வெளியே நடந்தார். எம்.டி. காபியைக் கையில் எடுத்தார். அவர் அதைக் குடித்து முடிப்பதற்குள், எங்கள் எம்.டி. காட்டுக் கத்திரியின் ஜீனோமை உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்துவிட்டார் என்ற செய்தி கேன்டீன், வாசல், லாரி நிறுத்தம் எல்லாம் தாண்டிவிட்டது. பல்சக்கரத் தொழிற்சாலை மேனேஜர் வேலியோரம் வந்து, "பெரிய மனசு சார் உங்களுக்கு. நாங்க ஒரு போல்ட்டைக்கூட சும்மா குடுத்ததில்ல" என்று இரண்டு கையாலும் கும்பிட்டார். எம்.டி.யின் முகம் முதலில் வெளுத்தது. பிறகு சிவந்தது. பிறகு, நான் கண்ணால் பார்த்தேன், கொஞ்சம் நிமிர்ந்தது. அவரைப் பார்த்து அதுவரை யாரும் கும்பிட்டதில்லை.

அன்று சாயங்காலம் என் காதோரம் வந்தார். அடுத்த தடவை இயந்திரத்தில் இடம் இருந்தால் அந்தச் செடியையும் ஏற்றிவிடச் சொன்னார். தான் சொன்னதாக மேடத்திடம் சொல்ல வேண்டாம் என்றார். அந்தக் கட்டிடத்தில் காப்பாற்றப்பட்ட ஒரே ரகசியம் அதுதான். இன்றோடு அதுவும் போயிற்று.

இந்த முறை இலையை நானே பறித்தேன். கையெல்லாம் கீறல். கல்வத்தை மேடம் தன் கையால் கழுவி, கொதிநீராவியில் வைத்து எடுத்து, அரைத்து முடிக்கும்வரை என்னை அந்த அறைப் பக்கமே விடவில்லை. வாசிப்பு சுத்தமாக வந்தது. வெளியிடுவதற்கு வாங்க வேண்டிய அரசு அனுமதிகளுக்கு நான் அலைந்தேன். ஜீனோமை வாசிக்க எடுத்த காலத்தைவிட அது நீண்டது. உலகத்து ஆராய்ச்சிக்காரர்கள் எல்லோரும் எடுத்துக்கொள்ளும் பொதுத் தளத்தில் ஏற்றிய அன்று, இணையம் எங்கள் ஊர் மேம்பாலத்து நெரிசல்போல நகர்ந்தது. எல்லோரும் கணினியைச் சுற்றி நின்றோம். முனியப்பா அடிக்கொரு தரம் "ஆய்தா மேடம், ஆய்தா?" என்று கன்னடத்தில் விசாரித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஆயிற்று.

எடுத்துக்கொள்கிறவர்கள் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுக்கும்படி நிபந்தனை போடலாமே என்று மேடத்திடம் சொன்னேன். எனக்கு நிபந்தனைகள் எழுதப் பிடிக்கும்.

"அந்தச் செடி யாரைக் கேட்டு சார் வளந்துச்சி?"

கொஞ்ச நாளில் கடிதங்கள் வர ஆரம்பித்தன. எங்கோ மலைப் பிரதேசத்துக் கல்லூரியிலிருந்து, கடல் தாண்டி ஒரு மாணவியிடமிருந்து, பெயரை எப்படி உச்சரிப்பதென்றே தெரியாத ஊர்களிலிருந்து. அத்தனையையும் மேடம் கேன்டீனில் சத்தமாக வாசித்தார். ஒரு கடிதத்தில், நோயைத் தாங்கும் குணம் இருக்கும் இடம் இதுவாக இருக்கலாம் என்று ஓர் இடத்தை அடையாளம் கண்டு, நம் கத்திரியோடு இனக்கலப்பு செய்யத் தொடங்கிவிட்டதாக எழுதியிருந்தார்கள். அதை வாசிக்கும்போது மேடத்தின் குரல் பாதியில் நின்றுவிட்டது. முனியப்பா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மீதியை நான் வாசித்தேன். கடைசியில் எனக்கும் வாசிக்கும் வேலை கிடைத்தது.

இப்போது மேடம் வேறு ஊரில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறார். அங்கே மாணவர்களுக்குத் தேர்வுக் கேள்விகள் முன்கூட்டியே தெரிந்துவிடுகின்றன என்று கேள்வி. எங்கள் கேன்டீன் அமைதியாகிவிட்டது. யாருக்கு என்ன உடம்பு, யார் வீட்டில் என்ன விசேஷம் என்று எதுவும் தெரியாமல் சாப்பிட்டு எழுந்து வருகிறோம். உப்புப் போடாத சோறு மாதிரி இருக்கிறது.

அவர் போவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, அண்ணனிடம் விஷயத்தை நேரில் சொல்ல வேண்டும் என்று என்னையும் மத்தூருக்கு அழைத்துப் போனார். அண்ணன் கிணற்று மேட்டில் உட்கார்ந்து மாட்டுக்குக் கயிறு முடைந்துகொண்டிருந்தார். மேடம் எல்லாவற்றையும் சொன்னார். பெரியப்பா முறையிலிருந்து கடல் தாண்டிய மாணவிவரை, கை வீசி, மூச்சு விடாமல். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், உலகத்தில் எல்லா விஷயங்களும் இப்படிப்பட்டவர்கள் வாயில் அகப்பட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

அண்ணன் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல் முழுவதையும் கேட்டார்.

"அந்த விதை எப்ப பாப்பா கைக்கு வரும்?"

"எட்டு வருசம், பத்து வருசம் ஆவும்ணா. கண்டிப்பா வரும்."

அவர் கயிற்றை முடிச்சுப் போட்டு இழுத்துப் பார்த்தார். எழுந்து வேட்டியைத் தட்டினார்.

"செரி, அப்ப இந்த வருசம் தக்காளியே போட்டுடறேன்" என்று சொல்லிவிட்டு மோட்டார் போடப் போய்விட்டார்.